பந்தம் பிடித்து நிற்கிறவன்

சிவமயம்

திருப்பாதிரிப்புலியூர்
18.3.2024

அன்புள்ள மலர்க்கொடி அண்ணிக்கு லோகநாயகி எழுதுவது.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு என் வீட்டு டிவி முன்னால் இருந்தவர்கள்: நான், மாடியில் குடியிருக்கும் பார்வதம், அவள் மருமகள் கனிமொழி, பால் கொண்டுவரும் கொளஞ்சியம்மாள். வேறு யாரும் இல்லை. நான் ஒருத்தி மட்டும் பார்த்திருந்தால் கண்ணாடி பவர் போதவில்லை என்று விட்டிருப்பேன். நாலு பேர் பார்த்தோம். அதனால்தான் பேர் சொல்லி எழுதுகிறேன்.

'தேன்பாறை' என்று புதிதாக ஒரு நாடகம் வருகிறது. ரோடு இல்லாத மலை ஒன்றில் ஒரு பழங்குடிக் கூட்டம். கீழே இருந்து குவாரிக்காரன் மலையை உடைக்க வருகிறான், இவர்கள் விட மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெரியவர். அவர் பேசும்போதெல்லாம் இடது பக்கம் ஒருவன் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அண்ணி, அது நம்ம எழிலன். தாடி விட்டிருக்கிறான், இளைத்திருக்கிறான், ஆனால் நிற்கிற நிலை அவனுடையது. ஒரு காலில் பாரம் போட்டு இடுப்பை ஒடித்துக்கொண்டு. கொளஞ்சியம்மாள்தான் முதலில் கத்தினாள்: "யக்கா, இது ஒங்க அண்ணன் புள்ள இல்ல? நெல்லிக்குப்பம் ஆலையில கரும்பு எடை போட்டுக்கிட்டு இருந்துச்சே!"

போனில் சொல்ல முடியவில்லையே என்று தவிப்பாக இருந்தது. காய்ச்சலில் உங்கள் காது போன பிறகு எனக்குக் கடிதத்தை விட்டால் வழியில்லை. அண்ணனிடம் சொல்லச் சொல்லலாம் என்றால், எழிலனுக்குப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து மெட்ராசுக்கு அனுப்பினவள் நான் என்று நாலு வருஷமாக என்னோடு பேச்சே இல்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை வருகிறது. பாருங்கள். காது மருந்தை விடாமல் போடுங்கள். இரண்டு பேரும் சுகமாக இருக்கப் பெரியநாயகியைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

லோகநாயகி

*

சிதம்பரம்
27.3.2024

அன்பு லோகுவுக்கு,

உடம்பு எனக்கு மோசமில்லை. உன் முட்டிவலி எப்படி?

பார்த்தேன். திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய் வந்தான். பந்தத்தின் வெளிச்சம் அவன் முகத்தில் அடித்து அடித்துப் போகிறது. எழுந்து டிவியைத் தொட்டுவிட்டேன். கண்ணாடியில் எண்ணெய்க் கை பதிந்து, அதை முந்தானையால் துடைப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

உன் அண்ணன் அப்போதுதான் கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தார். சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். டிவியை நிறுத்தச் சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை.

அன்றைக்கு வாசலில் நின்று இரண்டு பேரும் பேசினது நான் கடைசியாக நன்றாகக் கேட்ட சண்டை. "ஆலை வேலைய வுட்டுட்டுக் கூத்தாடப் போறவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார் இவர். "நீங்க வாயத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிடாம மிதிக்க மாட்டேன்" என்றான் அவன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பேர் புழங்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை நான் வாயால் சொல்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் சிலேட்டில் எழுதுகிறார். பால், அரிசி, கரண்டு பில். அதில் ஒரு நாளும் அந்தப் பேர் வந்ததில்லை.

லோகு, எனக்குப் படம்தான் ஓடுகிறது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. நீ கேட்டு எழுதுவாயா? அவன் பேசாவிட்டாலும் அவனைச் சுற்றி நிற்கிறவர்கள் பேசுவதை எழுது.

உன் அண்ணி,
மலர்க்கொடி

*

திருப்பாதிரிப்புலியூர்
10.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டிவலி அப்படியேதான். உட்காரும்போது தெரிவதில்லை, எழுந்திருக்கும்போது தெரிகிறது.

இந்த இரண்டு வாரமும் நானும் பார்வதமும் கொளஞ்சியம்மாளும். கனிமொழி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கதை இதுதான். குவாரிக்காரன் மலையடிவாரத்துக் கிணற்றை மூடிவிட்டான். தாகத்தில் இறங்கி வருவார்கள் என்று கணக்கு. பெரியவர் சொல்கிறார்: "தண்ணி இல்லாம சாகறது மலையில சாகட்டும். ரோட்டுல வேணாம்." அவருடைய மகளே கைக்குழந்தையோடு இறங்கிப் போய்விட்டாள். அவர் கூப்பிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கெழத்துக்கு இன்னா வீம்பு பாரு, பெத்த பொண்ணைக் கூப்பிடறதுக்கு வாய் வலிக்குதாம்" என்று கொளஞ்சியம்மாள் டிவியைத் திட்டினாள். எனக்கு வேறு முகம் ஞாபகத்துக்கு வந்தது.

எழிலன் புதன்கிழமை ஒரு குடம் தூக்கிக்கொண்டு குறுக்கே போனான். சிரித்த மாதிரி இருந்தது. மற்ற நாட்களில் பந்தம்தான்.

இன்லண்டு லெட்டர் ஒரு கட்டாக வாங்கி வைத்துவிட்டேன். இந்த மாதச் செலவுக் கணக்கில் மருந்துக்கு அடுத்த வரியில் எழுதினேன்.

வெயிலில் அலையாதீர்கள்.

லோகநாயகி

*

சிதம்பரம்
6.5.2024

அன்பு லோகுவுக்கு,

நலம் கேட்க நேரமில்லை, அதனால் கேட்டதாக வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை அவன் பேசினான். பாறை உச்சியில் நின்றுகொண்டு கீழே பார்த்துப் பேசினான். முகம் முழுதாக வந்தது. நான் உதட்டையே பார்த்தேன். பக்கத்தில் நின்று பேசினால் உதடு படிப்பேன், ஆனால் அவன் தாடி மறைக்கிறது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

இவர் இப்போதெல்லாம் பின்கட்டுக்குப் போவதில்லை. ஈசிசேரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். காதில் விழுந்திருக்கும். "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். சிலேட்டை எடுத்தார், சாக்பீஸை எடுத்தார், வைத்துவிட்டார். போய்ப் படுத்துக்கொண்டார்.

அவன் என்ன சொன்னான்?

மலர்க்கொடி

*

திருப்பாதிரிப்புலியூர்
14.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த வெள்ளிக்கிழமை இருந்தவர்கள் நான், பார்வதம், கொளஞ்சியம்மாள், கறிகாய்க்காரி பொன்னி. மூன்று பேரையும் கேட்டு, சரியாக இருக்கிறது என்ற பிறகே எழுதுகிறேன்.

குவாரிக்காரன் ஆள் கீழே இருந்து மைக்கில் கத்துகிறான்: "டேய், மரியாதையா இறங்கிடு!" அதற்கு எழிலன் சொன்னது: "எங்க பெரியவரு வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், இறங்குறேன். வேற எவன் கூப்பிட்டாலும் இறங்க மாட்டேன்."

அவ்வளவுதான். குரல் கட்டியிருந்தது, ஆனால் கணீர் என்று வந்தது.

கொளஞ்சியம்மாள் மூக்கில் விரலை வைத்தாள். "இன்னா யக்கா, வூட்டு வாசல்ல பேசினதையே அங்க போயும் பேசுது!" எழுதிக்கொடுத்ததைப் பேசியிருப்பான் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

அண்ணன் சாக்பீஸை வைத்துவிட்டது ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அவர் சாப்பாட்டைக் குறைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோகநாயகி

*

சிதம்பரம்
12.6.2024

அன்பு லோகுவுக்கு,

கடிதம் வந்ததும் அந்த வரியைப் பூஜை அலமாரியில் வைத்தேன். தினம் விளக்கேற்றும்போது படிக்கிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஒன்று கேட்க வேண்டும். இந்த மாதம் பிறந்ததிலிருந்து அவனைப் புதிதாகக் காட்டவில்லை. காட்டுகிறார்கள், ஆனால் பழசு. பந்தத்தோடு திரும்பும்போது தோளில் துண்டு நழுவும், பிடித்துக்கொள்வான். அது ஏப்ரலில் வந்த காட்சி. அதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பெரியவர் புது இடத்தில் நின்று பேசுகிறார், அவருக்கு இடது பக்கம் யாரும் இல்லை.

நாடகத்தில் ஏதாவது சொன்னார்களா? அவனை வேறு வேலையாக அனுப்பியதாகப் பேச்சு உண்டா? நீ கேட்டிருப்பாயே.

மூன்று வாரத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முட்டியா, வேறு ஏதாவதா?

மலர்க்கொடி

*

திருப்பாதிரிப்புலியூர்
15.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். முட்டிதான். மழையில் கேபிளும் போய்விட்டது, நாடகம் சரியாகப் பார்க்கவில்லை. எழிலனை மலைக்கு அந்தப் பக்கம் காவலுக்கு அனுப்பியிருப்பதாக ஏதோ சொன்னார்கள் என்று பார்வதம் சொன்னாள். கவலைப்படாதீர்கள்.

ஆனித் திருமஞ்சனம் நல்லபடியாக நடந்திருக்கும். வர முடியவில்லை. தேரை நினைத்து இங்கிருந்தே கும்பிட்டேன்.

ஒரு சந்தேகம். பிரண்டைத் துவையல் நீங்கள் அரைத்தால் நாக்கு அரிக்காது, நான் அரைத்தால் அரிக்கிறது. புளி கூடவா, நல்லெண்ணெயில் ஜாஸ்தி வதக்க வேண்டுமா? தெரிந்த ஒருத்தருக்கு எலும்புக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னார்.

அண்ணன் நலமா?

லோகநாயகி

*

சிதம்பரம்
26.7.2024

அன்பு லோகுவுக்கு,

பிரண்டையை நார் எடுத்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் போகும்வரை வதக்கு. புளி தாராளமாக வை.

இந்தத் தடவை யார் யார் இருந்தீர்கள் என்று நீ எழுதவில்லை.

திங்கட்கிழமை நாடகத்தில் அவனைக் கொன்றுவிட்டார்கள். தேன் எடுக்கிற பாறையிலிருந்து விழுந்ததாகக் காட்டினார்கள். விழுவது தூரத்தில் தெரிந்தது. பிறகு மூங்கில் பாடையில் போர்வை போர்த்திக் கொண்டுவந்தார்கள். முகத்தைக் காட்டவே இல்லை. பெரியவர் கொள்ளி வைத்தார். நாடகம் என்று தெரியாதவளா நான்? தெரியும். ஆனாலும் எழுந்துபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். திரும்பி வந்தால் இவரும் கிணற்றடியில் ஈர வேட்டியோடு நிற்கிறார்.

அதை விடு. அன்றிலிருந்து இவர் கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சலில்கூட ஒரு நாள் விடாமல் போகிறவர். கடைக்கும் போகவில்லை, ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். வீட்டில் விளக்கேற்றப் போனால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சிலேட்டில் எழுதுகிறார். கீழ சன்னதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறவர் வீட்டில் விளக்குக்கு எண்ணெய் தீருமா?

லோகு, இது தீட்டுக் காக்கிற வீடு மாதிரி இருக்கிறது. நாடகத்தில் செத்ததற்கு யாராவது தீட்டுக் காப்பார்களா? யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் காதில்லை.

உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

மலர்க்கொடி

*

சிதம்பரம்
7.8.2024

லோகு,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. வருஷா வருஷம் போல மாமாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கிள்ளைக் கடற்கரைக்குப் போனார். திரும்பி வந்தபோது மீசை இல்லை. தகப்பனுக்கு வருஷத் தர்ப்பணம் கொடுக்க யாரும் மீசை எடுப்பதில்லை.

"யாருக்கு?" என்று கேட்டேன். செருப்பைக் கழற்றாமல் நின்றார். சிலேட்டை நானே எடுத்து அவர் கையில் திணித்து, "யாருக்கு எடுத்தீங்க, எழுதுங்க" என்றேன். எழுதினார்.

எழிலன்.

நாலு வருஷமாக வராத பேர். இப்படியா வர வேண்டும்?

நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுத் தாட்சாயிணி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள், அப்படியானால் தெருவுக்கே கேட்டிருக்கும். உனக்குப் போன் போடச் சொன்னேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே, சிலேட்டில் உன் அண்ணன் எழுதின பேருக்குக் கீழே எழுதினாள்: 'இருக்கார். கடலூர்ல. லோகநாயகி அத்தை வீட்ல.'

பேர் அவர் கையெழுத்து. இருக்கார் என்பது அவள் கையெழுத்து. இன்னும் அழிக்கவில்லை.

அதைப் படித்துவிட்டு உன் அண்ணன் சந்தோஷப்படவில்லை, லோகு. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தாய்க்கு ஒரு வரி எழுத உனக்கு ஏன் மனசு வரவில்லை? எல்லாவற்றையும் எழுது.

மலர்க்கொடி

*

திருப்பாதிரிப்புலியூர்
10.8.2024

அண்ணி,

உங்கள் காலைத் தொட்டதாக நினைத்து எழுதுகிறேன்.

ஜூலை 22 திங்கட்கிழமை டிவி முன்னால் இருந்தவர்கள்: நான், பார்வதம், கொளஞ்சியம்மாள், எழிலன்.

தன் பாடையைத் தானே பார்த்தான். "இன்னா அத்தை, என் துக்கத்துக்கு நானே வந்து உக்காந்திருக்கேன், காப்பி கீப்பி கிடையாதா?" என்று சிரித்தான். கொளஞ்சியம்மாள், "வாயக் கழுவு, பாவி!" என்று சொம்புத் தண்ணீரை அவன் மேலேயே கொட்டினாள். சிரித்துக்கொண்டே இருந்தவன் பெரியவர் கொள்ளி வைக்கும்போது சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மே கடைசியில் மழையில் பாறை வழுக்கி நிஜமாகவே விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்து, மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஜூன் பாதியில் கூட நடிக்கிற ஒரு பையன் வண்டியில் கொண்டுவந்து இங்கே விட்டான். இனி இவனால் மலை ஏற முடியாது என்றுதான் நாடகத்தில் சாகடித்தார்கள். போர்வைக்குள் வைக்கோல்.

வந்த அன்றே என்னைச் சத்தியம் பண்ண வைத்தான். "நொண்டிக்கிட்டுப் போனா அப்பா பரிதாபப்பட்டுக் கூப்பிடுவாரு அத்தை. அது வேணாம். அம்மாகிட்டயும் சொல்லாத, அம்மா வந்துடும்." பெரியநாயகி சன்னதியில் கற்பூரத்தை அணைத்தேன். பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் கை வராது. கேபிள் போனது பொய். முட்டியும் பொய். பிரண்டை மட்டும் நிஜம்.

அண்ணனுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று தாட்சாயிணி போனில் விசாரித்துச் சொன்னாள். கடைக்கு வந்த ஒருவர், "ஒங்க புள்ள மலையிலேர்ந்து வுழுந்துட்டானாமே, பொழைக்க மாட்டான்னு பேசிக்கிறாங்க" என்றிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை டிவியில் கொள்ளி. நடந்ததைத்தான் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். என்னிடம் ஒரு போன் போட்டிருக்கலாம். நானும் ஒரு போன் போட்டிருக்கலாம்.

வாக்கர் பிடித்து எட்டு வைக்கிறான். இடது கால் சற்றுக் குட்டைதான், அது இனி நேராகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிள்ளையில் நடந்ததை அவனிடம் சொன்னேன். வாக்கரைச் சுவரோரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். பிறகு, "எள்ளு எறைக்கும்போது எம் பேரச் சொன்னாராமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, அண்ணி.

வாருங்கள். நான் வந்து அழைத்துக்கொண்டு வரட்டுமா?

லோகநாயகி

*

சிதம்பரம்
19.8.2024

அன்பு லோகுவுக்கு,

நீ என் காலைத் தொட வேண்டாம். என் பிள்ளைக்குச் சோறு போட்ட கை அது. கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும்.

உன் கடிதம் வந்த அன்றே பை எடுத்து வைத்துவிட்டேன். இவர் குறுக்கே நின்றார். சிலேட்டு போதாமல் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்: 'உயிரோட இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டேன். பெத்தவங்க இனி அவன் முகத்தைப் பார்த்தா அவனுக்கு ஆகாது.' பரிகாரம் கேளுங்கள் என்றேன். சாஸ்திரிகளிடம் போய் இதைச் சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. வெட்கம். எனக்கும் அவன் ஆயுசை வைத்துச் சோதித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. பையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை 'தேன்பாறை' முடிந்தது. நான் பார்க்கவில்லை, அவன் இல்லாத மலையில் எனக்கு என்ன வேலை. இவர்தான் பார்த்தார், ஈசிசேரை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு. குவாரிக்காரன் போய்விட்டானாம், மலை தப்பித்துவிட்டதாம். தாட்சாயிணி எழுதிக் காட்டினாள். ஆனால் எல்லாம் முடிந்தபோது மேலே நின்றது அந்தப் பெரியவர் ஒருத்தர்தானாம். காப்பாற்றின மலையில் கூப்பிட ஒரு ஆள் இல்லையாம்.

விளம்பரம் வந்த பிறகும் இவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் தானாகவே சட்டையைப் போட்டுக்கொண்டு வெங்கட்ராம் சாஸ்திரிகளிடம் போனார். நானும் தாட்சாயிணியைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். சாஸ்திரிகள் திட்டுவார் என்று பயந்தேன், திட்டவில்லை. அவர் சொன்னதைத் தாட்சாயிணி எனக்கு எழுதிக் கொடுத்தாள்: இருக்கும்போதே எள் வாங்கினவன் மறுபடி பிறந்ததாகக் கணக்கு. குழந்தைக்குச் செய்கிற மாதிரி புதுத் துணி உடுத்தி, தகப்பன் அவனுடைய வலது காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு முகம் பார்க்கலாம்.

லோகு, ஞாயிறும் இன்றும் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இவர் உதடு அசைக்கிறார். பக்கத்தில் நின்றால் உதடு படிப்பேன் என்று சொன்னேனே. அந்தப் பேர்தான். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

கிள்ளையில் பேர் சொன்னாரா என்று அவன் கேட்டானாமே. கேட்டேன். சொல்லவில்லையாம். புரோகிதர் பேரைக் கேட்டபோது வாய் திறக்காமல் மணலில் விரலால் எழுதிக் காட்டினாராம். அலை வந்து அழித்துவிட்டதாம். அதனால் சொல்ல வேண்டியது அப்படியே பாக்கி இருக்கிறது என்று அவனிடம் சொல்.

பரிதாபப்பட்டு வரவில்லை. கால் போனதற்காக வரவில்லை. பயந்துபோய் வருகிறார். உன் வீட்டு வாசலில் நின்று முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவன் எழுந்துவர வேண்டாம், உள்ளே இருந்தபடியே "வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு உள்ளே போய்க் காதில் சொல்லுவார். அதுவரைக்கும் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே நிற்கிறேன். எனக்கு இரண்டும் கேட்காது. நீ என் கையைத் தட்டு, அதில் தெரிந்துகொள்கிறேன்.

வேட்டி வாங்கிவிட்டேன். அவன் சம்மதிக்கிறானா என்று அவனைக் கேள். வரலாமா, கூடாதா? சீக்கிரம் பதில் போடு.

மலர்க்கொடி